மடுவுக்குப் புது ஆயில்

இன்று காலை வேலைக்கிடையில் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்துக் கடைக்குள் காலை வைத்தவள், வைத்த வேகத்தில் வெளியே வந்துவிட்டேன். கடைக்காரன் நேற்றைய எண்ணெயிலேயே இன்றைய வடையையும் போட்டுக்கொண்டிருந்தான். நேற்றைய எண்ணெய் என்று நான் சொல்வதுகூட மரியாதைக்குத்தான். அதற்கு என்ன வயதோ யாருக்குத் தெரியும். கசப்பும் காறலுமான அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போன சிநேகிதியை நினைக்க மற்றவர்களுக்கு மல்லிகை வாசம் வரும், ஊதுபத்தி வாசம் வரும். எனக்கு வருவது காறிப்போன எண்ணெய் வாசம். கோபித்துக்கொள்ளாதே. உன்னோடு பழகியதற்கு எனக்கு வாய்த்தது இதுதான்.

வெளியில் நின்று ஆற்றைப் பார்த்தபடி உன்னைக் கொஞ்சம் திட்டினேன். பிறகு வேலைக்குத் திரும்பினேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்குச் சொல்ல வேண்டிய சேதியும் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சில வாரமாக வைத்துக்கொண்டு அலைகிறேன்.

நாம் இரண்டு பேரும் புசல்லாவையில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். கல்யாணம் கட்டி நீ குண்டசாலைக்கு வந்தாய். சில வருடம் கழித்து நானும் அதே தெருவுக்குக் குடிவந்தேன். நீ மாதா கோயிலுக்குப் போகிறவள், நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள். அதைப் பற்றி நமக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் உன் வேனைப் பற்றித்தான். சேர்விஸ் ஸ்டேஷனில் என் வேலையே, வருகிற வண்டிக்கு என்ன ஆயில், அடுத்தது எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லி, முன் கண்ணாடி மூலையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி அனுப்புவதுதான். ஊர் வண்டிக்கெல்லாம் ஒட்டினேன். உன் வண்டிக்கு ஒட்ட விட்டாயா நீ?

உன் வீட்டுக்காரர் திடீரென்று போனபோது உனக்கென்று மிஞ்சியது அந்தப் பழைய டீசல் வேனும் இரண்டு அறை வீடும்தான். துக்கத்துக்கு வந்த சனம் கலையும் முன்பே உன் அண்ணன் முடிவு சொல்லிவிட்டார். புசல்லாவைத் தோட்டத்தில் லொறி ஓட்டுகிறவர், வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. "வேனை வித்துட்டு வந்து எங்களோட இரு. பொம்பள கையில வண்டி நிக்காது" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் வீட்டில் உனக்கென்று ஒதுக்கிய இடம் குசினிக்குப் பின்னால் இருந்த அறை. அண்ணி சமைக்க நீ பாத்திரம் கழுவ, அப்படியே காலம் போயிருக்கும். நீ சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாய். அடுத்த பள்ளிக்கூடத் தவணை தொடங்கியபோது குண்டசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டிப் பள்ளிக்கூடங்களுக்கு வேன் ஓட்டத் தொடங்கிவிட்டாய்.

நாலைந்து வருடம் குறையில்லாமல் ஓட்டினாய். ஆனாலும் உனக்குள் ஒரு முள் இருந்தது. "ஊரே நல்லா ஓட்டுறேன்னு சொல்லுதுடி. அண்ணே ஒரு தரம் சொல்லட்டும், அது போதும்" என்பாய். நான் எரிந்து விழுவேன். "அவரு சொன்னா என்னா, சொல்லாட்டி என்னா? உன் வேன், உன் வீடு" என்பேன். நீ வேன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவாய்.

இப்போது அந்த ஆயில் கதைக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் விட்டுப்போன பழக்கம் அது. தவக்காலம் தொடங்குமுன் ஒருமுறை, ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகுமுன் ஒருமுறை, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன் ஒருமுறை, இப்படித்தான் அந்த வேனுக்கு ஆயில் மாறும். கோயில் நாட்காட்டிதான் அதன் சேர்விஸ் புத்தகம். "மாதாகிட்ட அழுக்கு ஆயிலோட போறதா?" என்று நீ கேட்பாய். "எங்க முருகன் அதெல்லாம் தொறந்து பாக்க மாட்டாரு" என்று நான் கிண்டல் பண்ணுவேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது நல்ல ஏற்பாடுதான். வருடத்துக்கு மூன்று தரம் மாறினால் எந்த எஞ்சினுக்கும் மோசமில்லை. அந்தப் பக்தியைத் தப்பு சொல்ல எனக்கு இடமே இருக்கவில்லை.

பிறகு கொரோனாவில் ஊர் அடைந்து கிடந்த காலம் வந்தது. கோயில் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு, மடுவுக்குப் போக விடவில்லை. நத்தாரை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டாய். அது தீர்ந்ததும் டீசலுக்குத் தட்டுப்பாடு, நாள்கணக்கில் வரிசை. அந்த ஆவணியிலும் மடு இல்லை.

"ஆயில் மாத்தினியாடி?" என்று கேட்டால், "மடுவுக்குப் போகையில மாத்திடுறேன்" என்பாய்.

"மடுவுக்கு எப்ப போற?"

"டீசல் கிடைச்சா போறது."

"மடு வராட்டி ஆயில் காத்துக்கிட்டு இருக்குமா?"

"வண்டி எங்கடி ஓடுச்சு? மீட்டரைப் பாரு, அப்படியே நிக்குது" என்று என் வாயை அடைத்துவிடுவாய்.

மீட்டர் நின்றது வாஸ்தவம். எஞ்சின் நின்றதா? டீசல் வரிசையில் ஒரு வண்டி நீளம் நகர்வதற்கு ஸ்டார்ட் பண்ணுவாய், நிறுத்துவாய், மறுபடி ஸ்டார்ட் பண்ணுவாய். உள்ளே ஆயில் சரியாகச் சூடேறக்கூட நேரம் கிடைக்காது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பள்ளிக்கூடம் திறந்த பிறகு இன்னும் மோசம். பேட்டரி பலவீனமாகிவிட்டது, புதிது எங்கும் கிடைக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்காதோ என்ற பயத்தில் பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை ஓடவிட்டே பிள்ளைகளுக்காகக் காத்திருந்தாய். ஓடாமல் ஓடுகிற அந்த நேரமெல்லாம் மீட்டருக்குத் தெரியாது, ஆயிலுக்குத் தெரியும். எத்தனை தரம் சொன்னேன்! இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டாய்.

உன் அண்ணன் மகள் கோயிலில் முதல்தரம் நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று புசல்லாவைக்குப் போனோமே, அந்தச் சனிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவே மாட்டேன். நீ மறக்க மாட்டாய். கம்பளை வரை வேன் ஒழுங்காகத்தான் வந்தது. மேலே ஏறத் தொடங்கியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம், யாரோ தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. நீ ரேடியோவைக் கூட்டி வைத்தாய். நான் குறைத்தேன். நீ மறுபடி கூட்டினாய். புசல்லாவை டவுனில் பஸ்ஸுக்கு வழிவிட்டு வேகம் குறைத்தபோது ஆயில் விளக்கு சிவப்பாக மின்னிவிட்டு அணைந்தது. அப்போதுதான் ரேடியோவை நீயே நிறுத்தினாய்.

"அண்ணேகிட்ட சொல்லிறாத" என்றாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டக்கூட மனம் வரவில்லை.

நாம் சொல்லவா வேண்டும்? முற்றத்தில் வேன் வந்து நின்ற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க எஞ்சின் மூடியைத் திறந்தார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, விரலில் தொட்டுத் தேய்த்தார்.

"ஆயில்ல ஒண்ணும் குத்தமில்ல. நல்ல கெட்டியா இருக்கு. எஞ்சின்தான் போச்சு" என்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? வண்டி இங்கயே நிக்கட்டும். வாங்குற ஆளு நான் பாக்குறேன். நீ சாமானைக் கட்டிக்கிட்டு வந்துரு."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஏழெட்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே வார்த்தை, அதே குரல். குசினிக்குப் பின்னால் இருந்த அந்த அறையின் கதவை நீ ஒருதரம் பார்த்ததை நான் கண்டேன்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கம்பியைக் கொஞ்சம் இங்க குடுங்கண்ணே" என்று வாங்கி மோந்து பார்த்தேன். நாள் முழுக்க அதைத்தானே மோந்துகொண்டிருக்கிறேன். "கறுப்பா இருக்கிறதப் பத்தி நான் சொல்லல. டீசல் வண்டின்னா கறுப்பாத்தான் இருக்கும். காறிப்போன வாடை அடிக்குது. நீங்களும் மோந்து பாருங்க" என்றேன். அவர் மோந்து பார்க்கவில்லை. பெண்பிள்ளை சொல்லி லொறி டிரைவர் ஆயில் மோப்பாரா? கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உன்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கல் அடுப்பில் விருந்துக்கு வடை பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முதல்நாள் பலகாரம் சுட்ட எண்ணெய் ஒரு சட்டியில் ஆறிக் கிடந்தது. அண்ணி அதைக் கொட்ட மனமில்லாமல் வைத்திருந்தாள். கரண்டியால் அள்ளி மேலேயிருந்து ஊற்றிக் காட்டினேன். நூலாக இழுபட்டு விழுந்தது.

"இதுவும் கெட்டியாத்தான் இருக்கு. நல்ல எண்ணெயா?"

"சீ. எத்தனை தரம் காஞ்சுதோ. கொட்டணும்."

"உன் வேனுக்குள்ள இருக்கிறது இதுதான்."

உனக்கு எதையும் அப்படியே ஏற்கத் தெரியாது, அது எனக்குப் பிடிக்கும். "ஏன்டி, சூடானா ஆயில் இளகும்னு நீதானே எப்பவும் சொல்லுவ? இப்ப சூட்டாலதான் கெட்டியாச்சுங்கிற. ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாய்.

"ரெண்டுந்தான். அடுப்புல வச்சா எண்ணெய் தண்ணியா ஓடுது, எறக்கினா பழையபடி ஆகுது. அது அன்னன்னைக்கு நடக்கிறது, அதால கேடு இல்ல. ஆனா காத்துபட காத்துபட அதையே திரும்பத் திரும்பக் காயவச்சா? காத்தும் சூடும் சேர்ந்து எண்ணெயைத் தின்னுரும். அப்புறம் ஆறினா பழைய எண்ணெயா வருது? பசைதான் வருது. சூடு ஏற ஏற அந்த வேகமும் மடங்கு மடங்கா ஏறும். சட்டி ஓரத்தைத் தொட்டுப் பாரு."

நீ தொட்டுப் பார்த்தாய். சட்டி விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த பழுப்பு நிறப் பூச்சை நகத்தால் சுரண்டினாய். வரவில்லை.

"இது எஞ்சினுக்குள்ளயும் ஒட்டியிருக்குமா?"

"ஒட்டியிருக்கும். ஆயில் போற வழியை அடைச்சிருக்கும். அதான் விளக்கு மின்னுச்சு."

"முந்தி மாசக்கணக்கா ஒண்ணும் ஆகலையே? நான் தினமும் கம்பியை எடுத்துப் பாத்தேனே?"

"ஆயிலுக்குள்ளயே ஒரு மருந்து போட்டுத்தான் விக்கிறாங்க. காத்தும் சூடும் முதல்ல அந்த மருந்தைத்தான் தின்னும். அது இருக்கிற வரைக்கும் ஆயில் அப்படியேதான் இருக்கும், உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மருந்து தீந்துச்சுன்னா அப்புறம் கிடுகிடுன்னு எறங்கிரும். மாத்துற நாளைத் தள்ளினா நடக்கிறது அதுதான்."

நீ அடுப்படியில் அப்படியே குந்திவிட்டாய். "கெட்டியா இருக்கு, நல்ல ஆயில்னு நானும் நெனச்சேன்டி" என்று அழுதாய். "குழம்பு தண்ணியா இருந்தா மோசம், கெட்டியா இருந்தா நல்லதுன்னு வளந்தவங்க நாம." அழுகைக்கு நடுவே நீ அதைச் சொன்ன விதத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாய். உன் அண்ணனும் அதையேதான் நினைத்தார் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

எஞ்சின் இன்னும் போகவில்லை, போகிற வழியில் நிற்கிறது என்று நான் அடித்துச் சொன்னேன். அடித்துச் சொன்னேனே தவிர எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வேனைத் தொடாமல் அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். வழியெல்லாம் உனக்கு ஒரே கேள்வி. எஞ்சின் திறந்து கிடக்கிற நாட்களில் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விட்டால், எஞ்சின் சரியாகி மட்டும் என்ன பிரயோசனம்? வெறும் வேனை வைத்துக்கொண்டு வீட்டை நடத்த முடியுமா? அப்போது அண்ணன் சொன்னதுதான் கடைசியில் நடக்கும்.

திங்கட்கிழமை காலையில் நீ செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூப்பிட்டுச் சொன்னாய்: "எஞ்சினைத் தொறக்கணும். வேன் வர நாளாகும். அதுவரைக்கும் புள்ளைங்கள நான் பஸ்ஸில கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றேன். வேற வேன் பாக்குறதுன்னா பாருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." கடைசி வார்த்தையில் உன் குரல் உடைந்துவிட்டது. ஒன்றிரண்டு பேர் போனார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் பிள்ளைகளின் கையை உன் கையில் கொடுத்தார்கள்.

வேன் இல்லாத வேன்காரியாக நீ கண்டி பஸ்ஸில் ஏறிய காட்சியை ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் நானே பார்த்தேன். வேனில் யார் யாருக்கு எந்த இடமோ அதே வரிசையில் பிள்ளைகளை நிற்க வைத்திருந்தாய். சின்னவள் ஒருத்திக்கு ஜன்னலோரம் வேண்டும் என்று, உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாய். கொண்டக்டர் சிங்களத்தில் "நோனா, இது என் பஸ்ஸா, உங்கள் வேனா?" என்று கேட்டான். "இன்னைக்கு ரெண்டும்தான்" என்று நீயும் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தாய். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன பெண்ணடி நீ!

வார இறுதிகளில் எங்கள் ஸ்டேஷன் சுனில் பாஸைக் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்குப் போனோம். இங்கே மெக்கானிக் எல்லாரும் நமக்குப் பாஸ்தானே. உன் அண்ணன் வீட்டு முற்றத்தில் வேனுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்து, எஞ்சினில் ஆயில் தேங்கும் அடித்தட்டைக் கழற்றி இறக்கினார். ஆயிலை உறிஞ்சும் வலையைக் காணோம். கறுப்புக் களி ஒன்று அதை முழுக்க மூடியிருந்தது. கட்டைவிரலால் வழித்து எடுத்து, "மிஸ், இது ஆயில் இல்ல. இன்னும் ரெண்டு மலை ஏறினா எஞ்சின் இறுகி நின்னுரும்" என்றார்.

நீ அவசரப்பட்டு, "அப்ப உடனே புது ஆயிலை ஊத்திருவோமா பாஸ்?" என்றாய்.

"அது வேணாம். புது ஆயில் உள்ள ஒட்டினது எல்லாம் கரைச்சிக் கழட்டும். கழண்ட துண்டு வந்து மறுபடி இந்த வலையை அடைக்கும். முதல்ல கையால கழுவணும்."

கழுவியது யார்? நீதான். முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாய். கை இரண்டும் சிவந்து வெடித்துவிட்டது. தேய்ந்துபோன சிலதைப் பாஸ் மாற்றினார், பெரிய உருப்படி தப்பிவிட்டது என்றார். உன் அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். ஒருநாள் பேசாமல் வந்து உன் பக்கத்தில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயை வைத்துவிட்டுப் போனார், கைக்குப் போட.

எல்லாம் பூட்டி, புது ஆயில் ஊற்றி, நீ சாவியைத் திருப்பிய அந்த நேரத்தில் நான் முருகனையும் உன் மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் பிடித்ததும் பட்டென்று அணைந்தது. கல் குலுங்கும் சத்தம் இல்லை. பாஸ் கட்டைவிரலைக் காட்டினார். இந்த முதல் ஆயில் உள்ளே மிச்சமிருக்கும் அழுக்கை எடுத்துக்கொண்டு வரும், அதைச் சீக்கிரமே கொட்டிவிட வேண்டும் என்று சொன்னார். நீ எதையும் காதில் வாங்கவில்லை. வாசல்படியில் நின்ற உன் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் "ம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் கம்பளை வந்ததும் நீ அழத் தொடங்கினாய். ஸ்டியரிங்கை விடாமல், வேகத்தைக் குறைக்காமல் அழுதாய். "ஒரு வார்த்தைடி. நல்லா செஞ்சிருக்கன்னு ஒரு வார்த்தை. சொன்னா அவருக்கு என்னா கொறைஞ்சிரும்?" அவரைத் திட்டினால் உனக்குப் பிடிக்காது, அவருக்காகப் பேசினால் எனக்குப் பிடிக்காது. பேராதனை வரைக்கும் உன் தோளில் கையை வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் கண்ணாடியில் துண்டு ஒட்ட எனக்கு உத்தரவு கிடைத்தது. கிலோமீட்டர் எழுத நான் போனபோது நீ கையைப் பிடித்துக்கொண்டாய். "மீட்டரை நம்பி எழுதாத. வாசல்ல நிக்கிற நேரம் அதுக்குத் தெரியாது" என்று என் பாடத்தையே எனக்குத் திருப்பிப் படித்தாய். பள்ளிக்கூடத் தவணை தொடங்கும்போது ஒன்று என்று முடிவாயிற்று. மீட்டரைப் பார்க்காதே, வாசலில் நிற்பதுதான் அதிகம் என்றும் துண்டிலேயே எழுதி ஒட்டினேன். ஆவணி மடுவுக்குப் போகும்போது அது போக இன்னொன்று. "தவணைக்கு மாத்துறது எஞ்சினுக்கு, ஆவணிக்கு மாத்துறது மாதாவுக்கு" என்றாய். நல்ல ஆயிலை வீணாக்குகிறாயே என்று முணுமுணுத்தேன். ஆனாலும் அந்த ஆவணியில் முதன்முதலாக நானும் உன் வேனில் மடுவுக்கு வந்தேன். வவுனியா தாண்டிக் கொதிக்கிற வெயிலில் நீ சீராக ஓட்டிக்கொண்டு போனாய். பின்னால் தாய்மார்கள் செபமாலை சொல்ல, நான் முன் இருக்கையில் ஆயில் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒருதரம்கூட மின்னவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று என்னிடம் கேட்டாய். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீ வந்துவிடுவாய் என்றுதான் நானும் நினைத்தேன், டாக்டர்களும் நினைத்தார்கள். வரவில்லை. உன்னை நினைத்து நான் அழுத அழுகையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

உன் அண்ணன் வேனை விற்றுவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அடக்கம் முடிந்து தாய்மார்கள் வந்து நின்றபோது, "வேற ஆளு கிடைக்கிற வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்றார். தோட்டத்து வேலையை விட்டு ஓய்ந்திருந்த மனிதர். வேறு ஆள் வரவில்லை, அவர் தேடியதாகவும் தெரியவில்லை. கிழமை நாட்களில் உன் வீட்டில்தான் தங்குகிறார். எனக்கு மட்டும் அவர்மேல் கோபம் தீரவில்லை. தெருவில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

போன மாதம், தவணை தொடங்குமுன், அவர் வேனை எங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். நான் வெடுக்கென்று, "மீட்டர் என்னா காட்டுது?" என்றேன்.

"மீட்டரைப் பாக்காதீங்க தங்கச்சி. ஓடுறத விட வாசல்ல நிக்கிறதுதான் அதிகம். தவணைக்கு ஒருக்கா மாத்தணும்" என்றார்.

துண்டு எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். உன் கண்ணாடியில் நான் ஒட்டியதைப் பார்த்துத்தான் அவர் அதைக் கற்றிருக்கிறார்.

அன்றைக்கு எஞ்சினின் மேல் மூடியிலிருந்து கொஞ்சம் கசிவு இருந்ததால் சுனில் பாஸ் அதைக் கழற்றினார். கழற்றியவர் எங்களைக் கூப்பிட்டு டோர்ச் அடித்துக் காட்டினார். களி இல்லை, பழுப்புப் பூச்சு இல்லை. உள்ளிருந்த இரும்பு அதன் நிறத்திலேயே இருந்தது. உன் அண்ணன் டோர்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. கசிவைத்தான் தேடுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

"ஆயுசு பூரா லொறி ஓட்டினேன்" என்றார், குனிந்தபடியே. "என் லொறி ஒண்ணுகூட உள்ள இப்படி இருந்ததில்ல. என்னைவிட நல்லா பாத்திருக்கா."

பிறகு நிமிர்ந்து, ஆயில் பட்ட துணியாலேயே கண்ணைத் துடைத்தார். கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. "அவகிட்ட நான் சொல்லவே இல்லைங்க தங்கச்சி."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியும் அண்ணே, மேலேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நீ கம்பளையில் அழுதது என் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி வரும்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவர்மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அவர் போன பிறகுதான் யோசித்தேன். நீ அத்தனை வருடம் கேட்கக் காத்திருந்ததை அவர் கடைசியில் சொல்லிவிட்டார். கேட்டவள் நானாகிவிட்டேன். எனக்கு எதற்கடி அது? உனக்குச் சேர வேண்டியதை என்னிடம் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். கொண்டுவந்து தர வழி தெரியவில்லை. அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

"என்னைவிட நல்லா பாத்திருக்கா." உன் அண்ணன் சொன்னார்டி. அவர் வாயாலேயே சொன்னார்.